சோலார் மானியம் என்று வருபவர்களிடம் முன்பணம் கொடுக்கும் முன்

மொட்டை மாடியில் சோலார் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஆரம்பித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். வில்லங்கமெல்லாம் நடுவில் வருகிற ஆட்களிடம்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிரதமர் படம் போட்ட நோட்டீஸ். அரசாங்க ஆள் என்றே நினைத்து அம்மா மோரெல்லாம் கொடுத்தார். 3 கிலோவாட், மானியம் உண்டு என்று கொட்டேஷனில் எழுதியே தந்தார்கள். திட்டத்தின் இணையதளமான போர்ட்டலில் விண்ணப்பிக்க ஒரு பைசா கிடையாது, அதற்கும் 'பதிவுக் கட்டணம்' என்று தனியாகக் கறந்தார்கள். பெரும்பகுதிப் பணம் கைக்குப் போன பிறகுதான் பேனலே மாடி ஏறியது.

ஈ.பி.யிலிருந்து ஆய்வுக்கு வந்தவர் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரையும் விண்ணப்பத்தில் ஏற்றியிருந்த சீரியல் நம்பரையும் ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது. மானியம் வேண்டுமென்றால் செல், பேனல் இரண்டும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், டிசிஆர் பேனல் என்பார்கள், விலை கூடுதல். காகிதத்தில் அதைக் காட்டிவிட்டு மாடியில் மலிவான இறக்குமதிச் சரக்கை மாட்டியிருக்கிறார்கள். கேட்டால், "ஸ்டாக் இல்லை சார், இது அதைவிட நல்ல பேனல்." சரி, நல்ல பேனலாகவே இருக்கட்டும், 78,000 யார் தருவது? அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை. வங்கிக் கடனுக்கு மாதத் தவணை மட்டும் தவறாமல் போகிறது.

கரன்ட் போனாலும் ஃபேன் ஓடும் என்றதும் புளுகு. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று, சப்ளை நின்றால், ஈ.பி. லைனோடு இணைத்த பேட்டரி இல்லாத இந்த வகை இன்வர்ட்டர் தானாகவே நின்றுவிடும். பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வர்ட்டர் இருந்தால்தான் ஓடும்.

வேலை எல்லாம் முடிந்த பிறகு மானியம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், எனவே "மானியத்தை நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று எவராவது சொன்னால் அங்கேயே கதவைச் சாத்துங்கள். ஆள் போர்ட்டலில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். பேனல் கம்பெனி, மாடல், டிசிஆர் என்ற சொல், 5 வருடப் பராமரிப்பு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக வரட்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பேனலின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தொகையை ஈ.பி. ஆய்வு முடியும்வரை கையிலேயே வைத்திருங்கள், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.