டவுன்லோடு பறக்குது, அப்லோடு நகரலை: வீட்டு ஃபைபரோடு சில வருடங்கள்

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்த நாளிலிருந்து ஒரே இணைப்பைத்தான் வைத்திருக்கிறேன். கேபிள் டிவிக்காரர் மூலமாக வந்தது. 100 மெகாபிட் திட்டம், அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், இந்தக் கோளாறு எந்தக் கம்பெனி லைனிலும் வரக்கூடியது.

படம் பார்க்க, பிள்ளைகள் கேம் இறக்க என்றால் முழு மார்க் போட்டுவிடலாம். ஆனால் என் பிழைப்பு கல்யாண வீடியோ எடிட்டிங். முடித்த ஃபைலை பார்ட்டிக்கு அனுப்பினால்தான் பாக்கிப் பணம் வரும். 8 ஜிபி ஃபைல் ஒன்று 100 மெகாபிட்டில் ஏற 11 நிமிடம் போதும். 4 மெகாபிட்டில் ஏறினால் கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் போன வருடத்தில் பாதி ஓடியது. சாயந்திரம் ஆனால் அப்லோடு 4, 5 என்று படுத்துவிடும். டவுன்லோடு அப்போதும் 95. அதனால் வீட்டில் படம் பார்க்கிற யாருக்கும் குறையே தெரியாது.

முதலில் வைஃபையை ஒதுக்கினேன். போனில் பார்க்கும் அப்லோடு வேகத்தை வைத்து லைனைத் திட்டக் கூடாது. ரவுட்டர் பேசுவது போனுக்கு நன்றாகக் கேட்கும். போன் சின்னது, பேட்டரியில் ஓடுவது, அது திருப்பிப் பேசுவது ரவுட்டருக்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். இரண்டு சுவர் தாண்டினால் அப்லோடுதான் முதலில் விழும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரை நேராக லேன் ஒயரில் மோடத்தோடு இணைத்தேன். அப்போதும் அதே 4.

அடுத்து வீட்டுக்குள்ளேயே யார் தின்கிறார்கள் என்று பார்த்தேன். வாசலில் இருக்கும் இரண்டு கேமராவும் கிளவுடுக்கு ஓயாமல் வீடியோ ஏற்றுகின்றன. மனைவியின் போன் இரவில் போட்டோ பேக்கப் எடுக்கிறது. 100 மெகாபிட் அப்லோடு இருக்கும்போது இதெல்லாம் கணக்கிலேயே வராது. 4 மட்டும் இருக்கும்போது கேமராக்களே முக்கால்வாசியை விழுங்கிவிடும். அப்லோடு நிரம்பி வழிந்தால் டவுன்லோடும் திக்கும் என்பதையும் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இறங்கும் ஒவ்வொரு துண்டுக்கும் 'வந்து சேர்ந்தது' என்று நம் பக்கமிருந்து பதில் போக வேண்டும், அந்தப் பதில் வரிசையில் மாட்டிக்கொண்டால் அனுப்புகிறவன் வேகத்தைக் குறைத்துவிடுவான். ஜூம் வகுப்பில் மனைவியின் குரல் வெட்டி வெட்டிப் போனதற்கும் அப்லோடு நிரம்பியதுதான் காரணம். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தேன், வேகம் கூடவில்லை.

எம்டியூ, அதாவது ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு, ஒரு சந்தேகம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு டயல் ஆகும் பிபிபிஓஇ இணைப்பில் ஒரு பொட்டலத்தின் அளவு 1500 பைட்டுக்குப் பதில் 1492தான் இருக்க வேண்டும். ரவுட்டரில் தப்பாக இருந்தால் சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய ஃபைல் ஏற்றும்போது பாதியில் நின்றுவிடும். பொட்டலத்தைத் துண்டாக்காதே என்று சொல்லி 1464 பைட் பிங், அதாவது சோதனைப் பொட்டலம், அனுப்பினால் போக வேண்டும் (மீதி 28 பைட் அதன் மேலுறைக்கு), 1465 என்றால் போகக் கூடாது. என் லைனில் சரியாகவே இருந்தது.

புகார் கொடுத்தால் லைன்மேன் தம்பி வருவார். பவர் மீட்டரைச் செருகி, "அண்ணாச்சி, மைனஸ் 22 வருது. சூப்பர் லைட்டு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார். அவர் சொல்வது உண்மைதான். மைனஸ் 27 டிபிஎம் வரைக்கும் வெளிச்சம் மங்கினாலும் மோடம் தாங்கும், மைனஸ் 22 நல்ல வெளிச்சம். ஆனால் அது கண்ட்ரோல் ரூமிலிருந்து நம் வீட்டுக்கு வரும் வெளிச்சம். அப்லோடு போவது அதே இழையில் வேறு அலைநீளத்தில், 1310 நானோமீட்டரில். வருவது 1490. நம் மோடம் அனுப்பும் வெளிச்சம் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

"தம்பி, வர்றதைப் பாத்துட்டீங்க. போறதை யாரு பாக்கா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினார். காலை பதினோரு மணிக்கு 97. ஸ்கிரீன்ஷாட் எடுத்தார், புகார் முடிந்தது. சாயந்திரம் எல்லோரும் பயன்படுத்துவதால் லோடு ஆகிறது என்பது ஆபீஸ் பதில்.

அந்தப் பதிலை நான் நம்பவில்லை. இங்கே போட்டிருப்பது ஜிபான் என்ற ஃபைபர் முறை. ஒரு இழையிலிருந்து ஸ்பிளிட்டர் வழியாக எங்கள் பகுதியில் 32 வீடுகளுக்குப் பிரிகிறது. மொத்தமாக இறங்க 2.5 கிகாபிட், ஏற 1.25 கிகாபிட். சாயந்திரம் ஜனங்கள் செய்வது பார்ப்பது, அதாவது டவுன்லோடு. நெரிசல் என்றால் டவுன்லோடுதான் முதலில் விழ வேண்டும். அது 95இல் நிற்கும்போது அப்லோடு மட்டும் ஏன் நெரிகிறது?

கரண்ட் போன ஒரு சாயந்திரம்தான் துப்புக் கிடைத்தது. என் மோடமும் கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரில் ஓடின. அப்லோடு சடாரென்று 96 காட்டியது. கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி 5. அதற்கப்புறம் கவனித்தால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலிருந்தே படுத்திருந்தது. இன்வெர்ட்டர் இல்லாத, பகலில் மோடத்தை அணைத்துவிட்டு வேலைக்குப் போகும் ஏதோ ஒரு வீடுதான் காரணம் என்று பொறி தட்டியது.

இழையில் டவுன்லோடு எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே வருகிறது, அவரவர் மோடம் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்லோடு முறை வைத்துத்தான். கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல, இந்த நொடித்துளியில் நீ, அடுத்ததில் அவன் என்று கண்ட்ரோல் ரூமில் இருக்கும் ஓஎல்டி என்ற தலைமைப் பெட்டி பங்கு போடும். பழுதான மோடம் ஒன்று தன் முறை இல்லாதபோதும் வெளிச்சம் விட்டால் அடுத்தவன் அனுப்பியது கலங்கிவிடும். திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதுதான். டவுன்லோடுக்கு இதனால் பெரிய சேதம் வராது. இப்படிப்பட்ட பெட்டியை நெட்வொர்க் ஆட்கள் ரோக் ஓஎன்டி, அதாவது அடங்காத வீட்டு மோடம், என்கிறார்கள். முற்றினால் தெரு முழுக்க லைன் விழும், ஆரம்பத்தில் அப்லோடு மட்டும் சாகும்.

நேரத்தோடு குறித்த அளவுகளை எடுத்துக்கொண்டு கேபிள் அண்ணனிடமே போனேன். கஸ்டமர் கேர் நம்பரில் இதைப் பேசிப் புரியவைக்க முடியாது. அவர் நல்ல மனுஷர், கண்ட்ரோல் ரூம் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எங்கள் ஸ்பிளிட்டரில் ஏறும் பக்கம் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது, என் வீட்டில் மட்டுமல்ல, பல வீடுகளில். ஒவ்வொரு மோடமாக அங்கிருந்தே நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்றை நிறுத்தியதும் எண்ணிக்கை நின்றது. அந்த வீட்டுக்குப் புதுப் பெட்டி போனது. அவர்களுக்கு இதுவரை எந்தக் குறையும் இருந்ததில்லையாம், பெட்டியை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

இப்போது சாயந்திரத்திலும் 90க்குக் குறைவதில்லை. ஐப்பசி மழையில் கம்பத்து ஜாயிண்டில் ஈரம் இறங்கி லைன் போவது தனிக் கதை. அது இருபக்கமும் விழும், உடனே வந்து பார்த்துவிடுகிறார்கள்.

அப்லோடை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். அந்த எண் இருந்தால்தான் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரியிடம் போக முடியும். ஆனால் பிராட்பேண்டுக்கான அரசு விளக்கத்தைக் காட்டிப் பெரிதாகச் சண்டை போட வழியில்லை. 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை பிராட்பேண்ட் என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியபோதும் டவுன்லோடைத்தான் சொன்னது. இன்னொன்று, ஒயர் இல்லாமல் மொட்டை மாடியில் பெட்டி மாட்டிக் கொடுக்கும் 5ஜி இணைப்பு. பார்க்க வேகமாக இருக்கும், ஆனால் அதில் நேரத்தின் பெரும்பங்கு டவுன்லோடுக்குத்தான் ஒதுக்கப்படுகிறது. எனக்கு அது அவசரத்துக்கு மட்டும்.

200 மெகாபிட்டுக்கு மாறச் சொல்லி அவ்வப்போது போன் வருகிறது. 100க்கே ஆறு மாதப் பணம் கட்டியாகிவிட்டது.