கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரத்தைப் படமெடுக்க: ஸ்ப்ரைட்டா, யூ.டி.இ.யா, இசட்.டி.இ.யா?

நம் தசையில் உள்ள தண்ணீர் எம்.ஆர்.ஐ. சிக்னலைப் பல்லாயிரம் மைக்ரோவினாடி தாங்கி நிற்கும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் சிக்கிய தண்ணீருக்கு அது நடக்காது. சுமார் 100 மைக்ரோவினாடியிலேயே சிக்னல் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். வழக்கமான ஸ்கேன் முறை பதிவைத் தொடங்கும்போது அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. படம் கறுப்பாக வரும். இந்த அவசரத்தைச் சமாளிக்க மூன்று எம்.ஆர்.ஐ. முறைகள் உண்டு: ஸ்ப்ரைட் (SPRITE), யூ.டி.இ. (UTE, மிகக் குறுகிய எதிரொலி நேரம்), இசட்.டி.இ. (ZTE, பூஜ்ய எதிரொலி நேரம்).

ஸ்ப்ரைட் முறை 1990களில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பால்கம் குழுவினரிடம் உருவானது. ஒரு ரேடியோ துடிப்பு கொடுத்து, குறித்த நேரம் காத்திருந்து, ஒரே ஒரு தரவுப் புள்ளியை எடுப்பார்கள். அப்புறம் கிரேடியன்ட்டை (இடத்துக்கு இடம் காந்தப்புலத்தை மாற்றி, சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் கூடுதல் புலம்) ஒரு படி மாற்றி, அடுத்த துடிப்பு. எல்லாப் புள்ளிகளும் தத்தம் துடிப்புக்குப் பின் ஒரே அளவு நேரம் கழித்து எடுக்கப்படுவதால், காந்தப்புலம் சீராக இல்லாவிட்டாலும் படம் வளையாது, மங்காது.

யூ.டி.இ.யும் இசட்.டி.இ.யும் ஒரு துடிப்புக்கு ஒரு முழுக் கோடு தரவுப் புள்ளிகளையே அள்ளுகின்றன. வேகம் அங்கேதான் இருக்கிறது. 64×64×64 படத்துக்கு ஸ்ப்ரைட் 2,62,144 துடிப்புகள் கேட்கும். துடிப்புக்கு 2 மில்லிவினாடி என்றால் கிட்டத்தட்ட 9 நிமிடம். இந்த இரண்டும் செய்வதுபோல், நடுவிலிருந்து வெளியே செல்லும் ஆரக்கோடுகளாக எடுத்தால் சுமார் 12,900 துடிப்புகள், அரை நிமிடத்துக்குள் வேலை முடியும். ஆனால் கோட்டின் கடைசிப் புள்ளிக்குப் போவதற்குள் சிக்னல் தேய்கிறது. அந்தத் தேய்வுதான் படத்தில் மங்கலாகத் தெரிகிறது.

இந்த இரண்டில், துடிப்புக்குப் பிறகு கிரேடியன்ட்டை ஏற்றுவது யூ.டி.இ. முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பது இசட்.டி.இ.; கோட்டுக்குக் கோடு கிரேடியன்ட் கொஞ்சம்தான் மாறும் என்பதால் இயந்திரம் அவ்வளவாகச் சத்தம் போடாது. ஆனால் துடிப்பு முடிந்து ரிசீவர் தயாராவதற்குள் நடுப்பகுதித் தரவு போய்விடும். அந்த ஓட்டையை ஒற்றைப் புள்ளிகளால் நிரப்புவதுதான் 2012இல் வந்த பெட்ரா (PETRA) என்ற முறை. ஸ்ப்ரைட்டின் வேரான ஒற்றைப் புள்ளி முறை இங்கே கைகொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எலும்பு, பல், தசைநாண் என்றால் நான் யோசிக்காமல் இசட்.டி.இ. அல்லது யூ.டி.இ. பக்கம் போவேன். உயிருள்ள மனிதரை அசையாமல் படுக்க வைக்க முடிகிற நேரம் குறைவு.

கான்கிரீட்டுக்கு ஸ்ப்ரைட்தான். ஈரம் குறைந்தாலும் அதில் சிக்னல் தேயும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் படத்தின் பிரகாசத்தையே தண்ணீரின் அளவாகப் படிக்கலாம். மெதுவானது என்ற குறையும் இங்கே பெரிதல்ல. ஒரு முகத்தை மட்டும் திறந்து உலரவிட்ட துண்டுக்கு முப்பரிமாணப் படம் எதற்கு? ஆழவாக்கில் ஒரு வரி போதும். 64 புள்ளிகள், 128 மில்லிவினாடி. சிக்னல் பலவீனமாக இருந்தால் நூறு முறை திரும்ப எடுத்துக் கூட்டுங்கள். அப்போதும் 13 வினாடிதான். உலர்தலோ நாள்கணக்கில் நகர்வது.

ஒன்று மட்டும்: முதல் சோதனையை வெள்ளை சிமென்ட்டில் செய்யுங்கள். சாம்பல் சிமென்ட்டில் இரும்பு அதிகம். சிக்னலின் ஆயுளை அது இன்னும் குறைத்துவிடும்.