துபாயிலிருந்து கீழக்கரைக்கு: மதுரையா, திருச்சியா, சென்னையா?

துபாயிலிருந்து ஊருக்கு டிக்கெட் போடும்போதெல்லாம் ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் கீழக்கரைப் பக்கம் எழும் கேள்வி, எங்கே இறங்குவது என்பதுதான். மதுரைதான் கிட்ட என்று எல்லோரும் நினைக்கிறோம். அளந்து பார்த்தால் மூன்று ஊரும் துபாயிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான். நேர்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. மதுரை தெற்கே இறங்கியிருக்கிறது, சென்னை கிழக்கே தள்ளியிருக்கிறது. கணக்கு சரிக்குச் சரியாகிவிடுகிறது. எதில் ஏறினாலும் நான்கு மணி நேரப் பறப்பு. வித்தியாசம் முழுக்கத் தரையில்தான் இருக்கிறது.

மதுரை என்றால் ராமநாதபுரம், பரமக்குடி வழியாக 130 கி.மீ. சொச்சம். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால் நகர நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வீடு. குறை ஒன்றுதான்: வளைகுடாவிலிருந்து நேரடி விமானம் குறைவு. நெடுங்காலமாக இது சர்வதேசத் தகுதி இல்லாத சுங்க விமான நிலையமாகவே இருந்தது. வளைகுடா நாட்டு விமானங்கள் எந்தெந்த ஊருக்கு வரலாம் என்று முடிவுசெய்யும் ஒப்பந்தங்களிலும் மதுரைக்கு இடம் கிடைக்கவில்லை. பெருநாள் நேரத்தில் கட்டணம் ஏறுவதும் அதனால்தான். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய இழப்பு.

திருச்சிக்குத் தூரம் கூடுதல். தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை என்று 190 கி.மீ. வரும். ஆனால் விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. வெளியே வந்து வண்டியைத் திருப்பினால் நம் ஊர் வழி. திருச்சிக்குள் நுழையவே வேண்டாம். மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். துபாய், ஷார்ஜா இரண்டிலிருந்தும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வருகிறது. 2024-இல் திறந்த புது முனையம் விசாலமானது. கயிறு கட்டி, பெரிய எழுத்தில் பெயர் எழுதிய அட்டைப் பெட்டிகளோடு நிற்கும் குடும்பங்களுக்கு அந்த இடவசதி எவ்வளவு நிம்மதி என்பது வந்து இறங்கியவர்களுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குத் துபாயில் கிளம்பினால், ஒன்றரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, இங்கே இறங்கும்போது அதிகாலை மூன்றரை. பெட்டி எடுத்து, திருமயம் கோட்டையைத் தாண்டும்போது விடிந்துவிடும். காலைப் பசியாறலுக்கு உம்மா முன்னால் உட்காரலாம்.

சென்னைக்கு விமானங்கள் ஏராளம், கட்டணமும் பல நாள் குறைவு. ஆனால் அங்கிருந்து 550 கி.மீ. பாக்கி இருக்கிறது, காரில் ஒன்பது, பத்து மணி நேரம். தனி ஆளாக, கைப்பையோடு மாலைக்குள் இறங்குபவருக்கு மட்டும் ஒரு வழி உண்டு. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய், அங்கே ராமேஸ்வரம் போகும் சேது எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியற்காலை ராமநாதபுரம். பிள்ளைகளும் பெட்டிகளுமாக வருபவர்கள் இதை நினைக்கவே வேண்டாம்.

என் தேர்வு திருச்சி. மதுரையைவிட ஒரு மணி நேரம்தான் கூட. விமானம் கிடைப்பதும் நேரம் அமைவதும் அங்கேதான் சுலபம். வாப்பா, உம்மா வயதானவர்களாகக் கூட வந்தால் மட்டும் காசைப் பார்க்காமல் மதுரைக்கே போடுவேன்.

ஊரில் மௌத்து, அதாவது இறப்புச் செய்தி கேட்டுக் கிளம்புபவர்கள் பதற்றத்தில் முதலில் கிடைக்கும் சென்னை விமானத்தில் ஏறிவிடுகிறார்கள். சாலை வழியாகத்தான் ஊர் வருவதென்றால், சென்னை விமானம் மதுரை விமானத்தைவிட ஆறேழு மணி நேரம் முன்னால் கிளம்பினால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் வீடு சேரும். அதற்குக் குறைந்த இடைவெளி என்றால் துபாயிலேயே காத்திருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ ஏறுங்கள்.