பத்தாயத்து நெல்லா, கடை மூட்டையா, மண்ணுக்குள் மரச்சீனியா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. எங்கள் வீடு விளவங்கோடு வட்டத்தில், குழித்துறையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. ரப்பர் மரங்கள் கம்பிகளின் மேல் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் எங்கள் தெருவுக்குத் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அத்தை ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார். "மக்களே, இரண்டு நாழி அரிசி இருந்தால் தா. நெல் கிடக்கிறது, மில் ஓடவில்லை" என்றார்.

அவர் வீட்டுப் பத்தாயத்தில், அதாவது நெல் கொட்டி வைக்கும் பெட்டியில், ஆறு மாதத்துக்கு வேண்டிய நெல் இருந்தது. ஊரிலேயே உணவுக்குக் கவலையில்லாத வீடு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த வீடு அது. ஆனால் நெல் அரிசியாக வேண்டுமானால் மில் ஓட வேண்டும், மில் ஓட மின்சாரம் வேண்டும். உரல் எப்போதோ தோட்டத்து மூலையில் கவிழ்ந்துவிட்டது. குத்தத் தெரிந்த கைகளும் வீட்டில் இல்லை.

அந்தத் தூக்குவாளிதான் என்னை யோசிக்க வைத்தது. விலையேற்றம் வேறு, தட்டுப்பாடு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் நாம் மூட்டைகளை வாங்கி அடுக்குகிறோம். விலையேற்றம் மெதுவாக வந்து மாதக்கணக்கில் நிற்கும். தட்டுப்பாடு ஒரே இரவில் வந்து பத்து நாளில் போய்விடும். ஒன்றுக்கு உதவும் சேமிப்பு மற்றொன்றுக்கு உதவும் என்ற உறுதி இல்லை. பத்தாயம், கடை மூட்டை, ரேஷன், மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கு ஆகிய நான்கையும், விலையேற்றத்துக்கு உதவுமா, தட்டுப்பாட்டுக்கு உதவுமா என்ற இரண்டு கேள்விகளையும் வைத்தே பார்க்கிறேன்.

முதலில் நெல். குமரியில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு நெல் போகம். கன்னிப்பூ அறுவடை ஆவணி, புரட்டாசியில் வரும். மழை ஊடாடும், நெல் சரியாகக் காயாது. சேமிப்புக்கு வாங்குவதானால் மாசி, பங்குனி வெயிலில் காயும் கும்பப்பூ நெல்லைத்தான் வாங்க வேண்டும். நெல் காய்ந்துவிட்டதா என்று என் அம்மா பார்க்கும் விதம் எளிமையானது. களத்தில் பரப்பிய நெல்லில் நடுவிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளி, ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் பத்தாயத்துக்குப் போகலாம். பல்லில் பதிந்து நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரம் 12, 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வேளாண் துறை சொல்வதைத்தான் அந்தப் பல்லும் சொல்கிறது. ஈரத்தோடு கொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், அந்துப்பூச்சி பறக்கும். நொச்சியும் வேப்பிலையும் ஊடே போடுவது நல்லதுதான். ஆனால் காயாத நெல்லை எந்த இலையும் காப்பாற்றாது.

கணக்கைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் ஐந்து பேர், மாதம் 30 கிலோ அரிசி. ஆண்டுக்கு 360 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி தேறும் என்று வைத்தால், ஏறக்குறைய ஐந்தரைக் குவிண்டால் நெல் வேண்டும். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். களத்து விலை இதற்கு மேலேயோ கீழேயோ இருக்கலாம். இதையே அடிப்படையாகக் கொண்டால் ஒரு கிலோ அரிசி 36 ரூபாய் சொச்சத்துக்கு வருகிறது. அவிப்புக் கூலி, அரைப்புக் கூலி சேர்த்தால் நாற்பதைத் தாண்டலாம். அப்படியும் கடை விலையைவிடக் குறைவுதான். தவிடும் உமியும் நம்முடையவை. ஆண்டு நடுவில் விலை ஏறினால் அந்த ஏற்றம் நம் சோற்றைத் தொடாது. விலைக்கு எதிராக இதைப் போல் ஒரு காப்பு இல்லை.

ஆனால் 13,000 ரூபாயை ஒரே மாதத்தில் எடுத்து வைக்க முடிந்த வீடு எத்தனை? மாதச் சம்பளக்காரருக்கும் கூலி வேலைக்காரருக்கும் இந்த இலாபம் எட்டாத உயரத்தில் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் வாடகைக்கு இருப்பவருக்குப் பத்தாயம் வைக்க இடமும் இல்லை. இதைச் சொல்லாமல் பத்தாயத்தின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமல்ல.

கடை மூட்டைக்கு வருவோம். இங்கே சிவந்த சம்பா அரிசியும் மட்டை அரிசியும் விரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் இங்கிருந்த வயல்களில் பெரும்பகுதி வாழைத்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் போய்விட்டதால், கடையில் இருக்கும் அரிசியில் கணிசமான பங்கு வெளியிலிருந்து லாரியில் வருகிறது. லாரி நின்றால் அரிசியும் நிற்கும். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது சரக்கு லாரிகளுக்கு அனுமதி இருந்தும், முதல் சில நாட்கள் எங்கள் சந்தைக்குச் சரக்கு ஒழுங்காக வரவில்லை. விலை உலகக் காற்றுக்கும் ஆடுகிறது. 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியையே அரசு தடை செய்ய வேண்டி வந்தது. அந்தத் தடை 2024 செப்டம்பரில்தான் விலகியது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு முத்திரையோடு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றிய காரணம் இதுவே. மூட்டை வாங்கும்போது எடையைப் படித்துவிட்டுக் கிலோ விலையைக் கணக்கிடுங்கள். மூட்டை விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

இவ்வளவு குறை இருந்தும், பத்தாயத்துக்கு இல்லாத ஒரு குணம் கடை மூட்டைக்கு உண்டு. அது அப்படியே உலையில் போகும். ஒக்கியின்போது அத்தைக்கு நாங்கள் அளந்து கொடுத்தது அந்த அரிசியைத்தான். எனவே ஒரு மூட்டையைப் பிரிக்கும் நாளிலேயே அடுத்த மூட்டை வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பழையதை முன்னால் இழுத்துப் புதியதைப் பின்னால் வைப்போம். இரண்டு மூட்டைக்கு மேல் வாங்குவதில்லை. அரிசியில் வண்டு விழும் வேகம் நெல்லில் இல்லை. நெல் வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனைதான் சொல்வேன்: ஒரு மாதத்துக்கான நெல்லை எப்போதும் முன்கூட்டியே அரைத்து டின்னில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை இப்போது அப்படித்தான் செய்கிறார்.

ரேஷனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது, காரணம் அதில் தேர்ந்தெடுக்க அதிகமில்லை. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் என் சித்தி மகளின் வீட்டில் அட்டையின் நிறத்தைப் பொறுத்துத்தான் அளவும் விலையும். முன்னுரிமை இல்லாத வெள்ளை அட்டைக்காரர்களான அவர்கள், கேரள அரசின் மாவேலிக் கடையில் கிடைக்கும் 13 மானியப் பொருட்களை நம்பியிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்த 13 பொருட்களின் விலையும் உயர்த்தப்பட்டது. நம் ரேஷன் அரிசியின் அருமை அவர்களோடு பேசும்போதுதான் எனக்குத் தெரிகிறது. அந்த அரிசியைச் சிலர் வாங்கி இரவில் எல்லை தாண்டிக் கடத்துவதையும், அதை நாம் கண்டும் காணாமல் விடுவதையும் நினைத்தால் மனம் பொறுப்பதில்லை. ருசி பிடிக்கவில்லை என்றால் இட்லி மாவுக்குப் போடலாம், ஆப்பத்துக்கு ஊறவைக்கலாம். அதில் செறிவூட்டப்பட்ட அரிசி கலந்திருந்தால் அதைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிய வேண்டாம். அது இரும்புச்சத்து சேர்த்த அரிசிமாவில் செய்தது. விலையேற்றக் காலத்தில் மாதச் செலவைத் தாங்குவது இந்த அட்டைதான். ஆனால் புயல் நாளில் கடை திறக்குமா என்பது நம் கையில் இல்லை.

இனி மரச்சீனி. இந்தப் பகுதி திருவிதாங்கூராக இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கை மக்களிடம் பரப்பினார். அதன் அருமை 1942-க்குப் பிறகு விளங்கியது. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அந்த ஆண்டுகளில் இங்குள்ள குடும்பங்களை உயிரோடு வைத்தது கிழங்கு. "ஒரு வேளைச் சோறு, இரு வேளைக் கிழங்கு, அதுவும் இல்லாத வீடும் உண்டு" என்று பாட்டி சொல்வார். 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் நம் அடுக்களையில் மரச்சீனி குடியிருக்கிறது.

சேமிப்பு என்ற வகையில் இதற்கு ஒரு தனித்தன்மை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் நீலக்கோடு விழுந்து கெடும். பிடுங்காத கிழங்கு, விளைந்த பிறகும் மாதக்கணக்கில் மண்ணுக்குள் இருக்கும். குளிர்பதனப் பெட்டி வேண்டாம், மில் வேண்டாம், லாரி வேண்டாம். மூன்றடி இடைவெளியில் நட்டால் ஒரு சென்ட்டில் ஏறக்குறைய 50 மூடு, அதாவது செடி, பிடிக்கும். மூட்டுக்கு இரண்டு கிலோ என்று குறைத்துப் பார்த்தாலும் 100 கிலோ. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீஜெயா, ஸ்ரீவிஜயா ரகங்கள் ஆறேழு மாதத்தில் விளைந்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெருச்சாளியும் காட்டுப்பன்றியும் நம்மை முந்தும். ஒக்கியின் காற்றில் எங்கள் மரச்சீனியில் பாதி வேரோடு சாய்ந்தது. சாய்ந்ததை உடனே தின்றாக வேண்டும். அம்மா பாதியை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தார். மீதியைச் சீவி, அரைவேக்காட்டில் அவித்து, மழை விட்ட பின் மொட்டைமாடியில் பாயில் பரப்பிக் காயவைத்தார். கல் போல் காய்ந்த அந்தச் சில்லுகள் அடுத்த ஆண்டு வரை இருந்தன. இன்னொன்று: கிழங்கில் நச்சுச் சத்து உண்டு. நிறையத் தண்ணீரில், மூடாத பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் கிழங்கை மட்டும் தின்று நாளைக் கழிக்க முடியாது. நம் முன்னோர் மீன்குழம்பு சேர்த்தது ருசிக்காக மட்டுமல்ல.

மீன் என்றதும் ஒரு குறிப்பு. குமரியின் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் விலை ஏறும் நாட்கள் நாட்காட்டியிலேயே இருக்கின்றன. பங்குனியில் மலிவாகக் கிடைக்கும்போது நெத்திலிக் கருவாடும் சாளைக் கருவாடும் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி ஜாடியில் வைத்துவிடுவோம்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு நல்ல வழி தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும். நாடு தின்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தியது. அங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் இங்கே வடைச்சட்டி காய்கிறது. நம் தேங்காய் எண்ணெயும் 2025-இல் ஏறிய ஏற்றத்தை எல்லோரும் அனுபவித்தோம். வீட்டுத் தேங்காயைக் கொப்பரையாக்கி, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் ஆட்டுவது உத்தமம். அதற்கு மேல் வைத்தால் எங்கள் வீட்டில் சிக்கு வாடை வந்துவிடுகிறது.

நிலமும் முன்பணமும் உள்ள வீட்டுக்கு நெல்லே முதலிடம், கூடவே அரைத்த அரிசி ஒரு மாதத்துக்கு. வாடகை வீட்டுக்கு ரேஷனும் ஒரு மூட்டை முன்னிருப்பும். ஆனால் கையளவு மண் இருக்கும் எவரும் மரச்சீனியை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அரை அடி நீளக் கம்பு, கணுவின் மொட்டு மேல்நோக்கி, செங்குத்தாக நட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல் பாதியைச் சித்திரை மழைக்கும் பாதியைப் புரட்டாசிக்கும் நட்டால், எந்த மாதத்திலும் விளைந்த மூடு ஒன்றாவது நிற்கும். போன சித்திரையில் அத்தை எங்களிடம் 25 கம்பு வாங்கிப் போனார். நடும்வரை அவற்றைப் பத்தாயத்துக்கு அருகிலேயே நிழலில் சாய்த்து வைத்திருந்தார்.