பச்சைக் கட்டைக்கு எந்தப் பூச்சு? மெழுகு, பசை, பெயிண்ட், சாணி பூசிப் பார்த்த அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மா, பூவரசு, வேம்பெல்லாம் விறகு விலைக்குப் போனபோதுதான் பச்சைக் கட்டை வாங்கிப் போட ஆரம்பித்தேன். அதிலிருந்து, கட்டை வெடிக்காமல் இருக்க வெட்டுமுகத்தில், அதாவது குறுக்கே அறுத்த முனையில், பூசாத பொருளில்லை. இன்றைக்கு என் ஓட்டு மெழுகுக்குத்தான்.

மரத்தில் ஈரம் பக்கவாட்டில் கசிவதைவிட வெட்டுமுகம் வழியாகப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே ஈரமாக இருக்கும் மரம் விடாது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு. பூச்சு ஈரத்தை அடைத்துவிடாது, நிதானமாக வெளியே விடும், அவ்வளவுதான்.

சாதாரண பாரபின் மெழுகே போதும். பழைய அலுமினியத் தட்டில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிமேல் வைத்து உருக்குவேன். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும், விளையாட்டில்லை. நன்றாகச் சூடேறிய மெழுகில் முனையை முக்கினால் துவாரங்களிலிருந்து பொடிக் குமிழ் வரும். ஆறியபின் மர வளையம் அப்படியே தெரிந்தால் மெழுகு பிடித்துவிட்டது. வெள்ளையாகத் தடித்து நின்றால் சூடு போதவில்லை, நாலு நாளில் செதில் செதிலாக உரியும். பக்கத்திலும் ஓர் அங்குலம் ஏற வேண்டும்.

மரம் ஒட்டும் பசை மோசமில்லை. தண்ணீர் கலக்காமல் இரண்டு கை பூசினால் கோடையில் நன்றாகவே தாங்குகிறது. ஆனால் நம்மூர் ஐப்பசி அடைமழையில் காயாமல் பிசுபிசுவென்று கிடக்கும். எமல்ஷன் பெயிண்ட் வீட்டில் மிச்சமிருந்தால் பூசலாம், இதற்கென்று வாங்க வேண்டாம். ஆயில் பெயிண்ட் ஈர மரத்தில் ஒட்டாது. "சாணி போதும் தம்பி, காசைக் கரியாக்காதே" என்பார் பக்கத்துப் பட்டறை ஆசாரி. நிழலில் கிடக்கும் பருத்த கட்டைக்கு அவர் சொல்வது சரிதான். ஆனால் காய்ந்ததும் சாணியே வெடிக்கும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும்.

எதைப் பூசுகிறோம் என்பதைவிட எப்போது பூசுகிறோம் என்பது முக்கியம். அறுத்த அன்றைக்கே பூச வேண்டும். ஆடிக் காற்றில் காலையில் அறுத்த முகத்தில் சாயங்காலத்துக்குள் மயிரிழைக் கீறல் ஓடிவிடும், அதற்குமேல் மெழுகு பூசிப் பயனில்லை. அதேபோல நடுச்சோறு (மரத்தின் நட்டநடுவில் இருக்கும் மென்மையான பகுதி) உள்ள முழுக் கட்டையை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. வளையத்தை ஒட்டிய சுருக்கம், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரும் சுருக்கத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் சோற்றோடு சேர்த்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டுத்தான் மெழுகைத் தொடுவேன்.

மெழுகுக்கும் குறை உண்டு. மழைக்காலத்தில் காற்றோட்டமில்லாமல் அடுக்கினால் பூஞ்சை வரும், மாமரம் சீக்கிரம் கறுக்கும். (அந்தக் கறுப்புக் கோட்டுக்காகவே கிண்ணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்!) கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மெழுகு இளகும். மெழுகு படிந்த இடத்தில் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், பாலிஷும் ஏறாது. முனையைச் சீவி எறிந்துவிட்டுத்தான் கடைய வேண்டும்.

கிண்ணம் என்றால் பச்சையிலேயே, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் கரடாகக் கடைந்து, வெட்டுமுகம் வரும் இரண்டு பக்கத்திலும் மெழுகு பூசி வைக்கிறேன். அவ்வப்போது தராசில் போட்டுப் பார்ப்பேன். எடை குறைவது நின்றால் இறுதிக் கடைசல். பூவரசு அடக்கமான மரம், கோணல் அதிகம் வராது. புளியை நம்ப முடியாது.

நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த, பல்லாண்டு உலர்ந்த ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்துக் கடைகிறார்கள். மத்து, பம்பரம் மாதிரி சின்ன உருப்படி செய்பவர்களும் மெழுகுக்குச் செலவழிக்க வேண்டாம். கட்டையைச் சிறு துண்டாகப் பிளந்து நிழலில் போட்டாலே போதும்.