வீட்டில் எத்தனை தோட்டா வைக்கலாம்: ஒரு பெட்டியா, மூன்று மாதத்துக்கா, ஆயிரக்கணக்கிலா?

லைசென்ஸ் கைக்கு வந்ததும் புதியவர்கள் முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி தோட்டாவைப் பற்றி: "எவ்வளவு வாங்கி வைக்கலாம்?" பதில் சொல்கிறவர்கள் இரண்டு கட்சி. "ஒரு பெட்டி போதும், வீடு என்ன ஆயுதக் கிடங்கா?" என்பவர்கள் ஒரு பக்கம். "கிடைக்கிறபோதே அள்ளிப் போடு, நாளைக்குக் கிடைக்காது" என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். இப்போது மூன்று மாதக் கணக்கில் வந்து நிற்கிறேன். எதிர்த்தரப்பின் நியாயங்களையும் வைத்துக்கொண்டே அதைச் சொல்கிறேன்.

முதலில் மேல் வரம்பு. பல நாடுகளில் இது நம் விருப்பத்தைப் பொறுத்ததே இல்லை. இந்தியாவில் ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். பிரிட்டனில் ரைபிள் வைத்திருப்பவரின் சான்றிதழிலும் அப்படித்தான். கீழே சொல்வதெல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்குகிறவரைதான். அது போதவில்லை என்றால் கூட்டித் தரச் சொல்லி முறையாக விண்ணப்பிக்க வேண்டும். நண்பர் பெயரில் வாங்கி நம் அலமாரியில் வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். "ஆயிரம் தோட்டா" என்று சொன்னால் எந்தத் தோட்டா என்று கேட்க வேண்டும். பாயிண்ட் டூ டூ (.22 அங்குல அளவு) தோட்டா 50 கொண்ட பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பத்துப் பெட்டி சேர்ந்த 500 தோட்டாக் கட்டு இரண்டு கிலோகூட இருக்காது. 9 எம்.எம். பிஸ்டல் தோட்டா ஒன்று சுமார் 12 கிராம். ஆயிரம் என்றால் 12 கிலோ. பன்னிரண்டு போர் (குழல் அளவின் பெயர்) ஷாட்கன் தோட்டா 25 கொண்ட பெட்டியில் வரும். பத்துப் பெட்டி அடங்கிய 250 தோட்டா அட்டைப்பெட்டி பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். பூட்டக்கூடிய சிறு இரும்புப் பெட்டியில் முதலாவது ஒரு மூலையில் அடங்கிவிடும். மூன்றாவது மொத்தப் பெட்டியையும் அடைத்துக்கொள்ளும்.

சுடுகிற கணக்கும் இதே மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். 50 மீட்டர் ரைபிளில் படுத்துச் சுடும் போட்டிக்கு 60 சுடுதல், அதற்கு முன் குறி சரிபார்க்கச் சில. வாரம் இரண்டு நாள் அதே அளவில் பயிற்சி செய்தால் மாதம் அறுநூறைத் தொடும். மூன்று மாதத்துக்கு 1,800. ட்ராப் (பறக்கும் களிமண் தட்டை ஷாட்கனால் அடிக்கும் போட்டி) சுடுகிறவருக்குத் தகுதிச்சுற்றில் 125 களிமண் தட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுட அனுமதி உண்டு. எல்லாத் தட்டுக்கும் இரண்டாவது சுடுதலும் தேவைப்பட்டால் ஒரே போட்டியில் 250, அதாவது ஒரு முழு அட்டைப்பெட்டி. மாதம் ஒருமுறை பிஸ்டல் எடுத்து ஒரு பெட்டி சுடுகிறவருக்கோ மூன்று மாதத்துக்கு 150 போதும். 1,800 என்றதும் வெளியில் இருப்பவர் பயந்துவிடுவார். அது முறையாகப் பயிற்சி செய்கிற ஒருவரின் சாதாரணக் கையிருப்பு. பிஸ்டல்காரர் வீட்டில் அதே 1,800 இருந்தால் அது மூன்று வருடச் சரக்கு. எண் ஒன்றுதான், இரண்டும் ஒன்றல்ல.

இனி ஒவ்வொன்றாக.

கிளப் லாக்கரிலேயே விட்டுவிட்டு வீட்டில் ஒன்றும் வைக்காமல் இருப்பது, புதியவருக்கும் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் என் முதல் சிபாரிசு. சுடும் இடத்திலேயே தோட்டாவும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கிளப் திறந்திருக்கும் நேரத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டும், வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. சட்டப்படி வேட்டைக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது.

ஒன்றிரண்டு பெட்டியோடு நிறுத்திக்கொள்வது, ஆண்டுக்கு ஒருமுறை இருமுறை துப்பாக்கியை எடுக்கிறவருக்குப் பொருந்தும். இதில் ஒரு குறை இருக்கிறது. கொஞ்சமாக இருக்கிற பொருளைச் செலவழிக்க மனம் வராது. பெட்டி அப்படியே கிடக்கும், கை பழக்கம் விட்டுப்போகும், தோட்டாவும் கிழடாகும். பாதுகாப்புக்கென்று துப்பாக்கி வைத்திருக்கும் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள்; எனக்கு அது கவலை தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பழைய பெட்டியைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய் மேற்பார்வையில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுப்பெட்டி வாங்க வேண்டும். அதைச் செய்கிறவருக்கு இந்த வழி நல்ல வழி.

ஆயிரக்கணக்கில் அடுக்கி வைப்பதற்கு மூன்று காரணம் சொல்வார்கள்: மொத்தமாக வாங்கினால் விலை குறைவு, தட்டுப்பாடு வந்தால் கவலையில்லை, ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரித்த) சரக்கு கிடைக்கும். மூன்றாவது காரணம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ரவையின் (தோட்டாவிலிருந்து பாயும் குண்டின்) விட்டமே 5.6 மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்குள், ஒரே நிறுவனம், ஒரே வகை, லாட் எண் மட்டும் வேறு என்ற இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். நானே ரைபிளைத் தாங்கியில் இறுக்கி இரண்டு லாட்டிலிருந்தும் பத்துப் பத்துச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று ஒரே கந்தலான ஓட்டையாக விழுந்தது. மற்றதில் எட்டு நெருக்கமாக, இரண்டு மட்டும் மேலே தனியாக. கை நடுங்கியது என்று சொல்ல வழியில்லை, கையே படவில்லை. இப்படித் தன் ரைபிளுக்கு ஒத்துப்போகும் லாட் அமைந்தவர் அதை ஒரு வருடத்துக்கு வாங்கி வைப்பதில் தவறே இல்லை. ஆனால் இது குறிபார்த்துப் பதக்கத்துக்குச் சுடுகிறவரின் நியாயம். மற்றவர்கள் இதை இரவல் வாங்கக் கூடாது.

தட்டுப்பாடு பயமும் வெறும் பயமில்லை. அமெரிக்காவில் 2013ல் பாயிண்ட் டூ டூ தோட்டா கடை அலமாரிகளில் இருந்தே காணாமல் போனது; 2020ல் எல்லா வகைக்கும் அதே கதி. மூன்று மாதக் கையிருப்பு அப்படிப்பட்ட காலத்தை முழுசாகத் தாங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரும் பயந்து வாங்கியதே தட்டுப்பாட்டைப் பெரிதாக்கியது. அப்புறம், தோட்டா இல்லாமல் செய்கிற பயிற்சிக்கும் பெரிய இடம் உண்டு. மூச்சு, பிடி, விசை இழுக்கும் விதம் எல்லாவற்றையும் ஏர் ரைபிளில் பழகலாம். சுடுதளத்தில் அறுபதுக்குப் பதில் முப்பது சுட்டால் மூன்று மாதச் சரக்கு ஆறு மாதம் வரும்.

பெருங்குவியலின் உண்மையான எதிரி காலமும் அதை வைத்திருக்கும் இடமும்தான். புகையில்லா வெடிமருந்து 1884ல் பிரான்சில் பால் வியேய் உருவாக்கிய காலத்திலிருந்தே அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது தானாகவே மெல்லச் சிதைகிற பொருள். சிதைவில் வரும் அமில ஆவியை உறிஞ்சிக்கொள்ள டைஃபினைல் அமீன் போன்ற நிலைப்படுத்திகளைக் கலக்கிறார்கள். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். வெயில் நேராக இறங்கும் மொட்டை மாடி அறையிலோ, கார் டிக்கியிலோ வைத்தால் அந்தக் காலம் மளமளவென்று சுருங்கும். ஈரம் பித்தளைக் கூட்டையும் பிரைமரையும் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதி) கெடுக்கும். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் தோட்டாவில் பட்டால் பிரைமருக்குள் கசிந்து அதைச் செத்துப்போகச் செய்யலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: அம்மோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே கீறல் விட்டன. காரணம் புரியாமல், பருவகாலக் கீறல் என்ற பொருளில் ஒரு பெயர் மட்டும் நிலைத்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் காரணம் என்பதை 1921ல்தான் விளக்கினார்கள். இன்றைக்கும் அம்மோனியா கலந்த துடைப்புத் திரவங்கள் வீடுகளில் இருக்கின்றன. தோட்டாப் பெட்டியை அவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

நான் அள்ளிப் போட்டு வைத்த காலத்தில் ஒரு டப்பா அடியில் தங்கிவிட்டது. ஆறேழு வருடம் கழித்துத் திறந்தபோது தோட்டாக்களின் கழுத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தது. துடைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். நாலாவது தோட்டாவில் 'கிளிக்' என்று மட்டும் சத்தம். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது நொடி அசையாமல் நின்றேன், தாமதமாக வெடிக்கலாம் என்பதால். அடுத்தது 'டப்' என்று பலவீனமாகக் கேட்டது. தாளில் ஓட்டை இல்லை. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். ரவை குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. இன்னொன்றை ஏற்றிச் சுட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும். மிச்சம் இருந்த நூற்றுச் சொச்சத்தையும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் ஒப்படைத்தேன். மலிவாக வாங்கினேன் என்று மகிழ்ந்ததெல்லாம் அன்றோடு போயிற்று.

எனவே என் முறை இதுதான். மூன்று மாதத்தில் உண்மையாகவே எத்தனை சுடுகிறேன் என்று எழுதி வைத்த கணக்கு, அதுதான் உச்சம். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் வாங்குவேன். வாங்கிய மாதத்தைப் பெட்டி மேல் எழுதி, பழையதை முன்னால், புதியதைப் பின்னால் வைப்பேன். பூட்டிய பெட்டிக்குள் அடங்காத தோட்டா வீட்டுக்குள் வராது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு அறையில் வேறொரு பூட்டில். இப்படித் தனித்தனியாகப் பூட்டி வைத்த வீடுகளில் பிள்ளைகள் துப்பாக்கியால் தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து குறைவாக இருந்ததை 2005ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டில் தீப்பிடித்தால், துப்பாக்கிக்குள் இல்லாத தோட்டா குழலிலிருந்து வருவதுபோலச் சீறிப் பாயாது; கூடு கிழிந்து துண்டுகள் சிதறும். தீயணைப்பு வீரர்களிடம் எந்த அறையில் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

இந்த எண்ணும் நிரந்தரமில்லை. சில வருடங்களுக்கு முன் என் சித்தப்பா மகன் மனம் மிகவும் தளர்ந்த நிலையில் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். அவன் வருவதற்கு முந்தைய நாளே துப்பாக்கியையும் தோட்டா முழுவதையும் கிளப்பில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அவனிடமும் மறைக்கவில்லை, "வீட்டில் ஒன்றும் இல்லடா, எல்லாம் கிளப்பில் இருக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். எட்டு மாதம் வீட்டில் ஒரு தோட்டாகூட இல்லை. அந்த எட்டு மாதமும் வாரத்துக்கு இரண்டு நாள் கிளப்புக்குப் போய், லாக்கரைத் திறந்து, எண்ணி எடுத்து, சுட்டுவிட்டு வந்தேன்.