பெரியப்பாவின் பம்பரும் படகுத்துறை அண்ணனும்

ஊருக்குப் போனால் பல் டாக்டரைப் பார்ப்பது, மூக்குக்கண்ணாடி மாற்றுவது, பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்கு அலைவது என்று எல்லோருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் இந்த ஜனவரியில் கிடைத்த மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் ஒரு பம்பருக்கே போனது. சரியாகச் சொன்னால் இரண்டு பம்பர்.

கார் பெரியப்பாவுடையது. கடலூரில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிறது. அது என்ன கார் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அடியில் இருப்பது 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதாவது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அந்த வண்டிக்குச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடியை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனியே ஹெரால்டு சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. பெரியப்பாவின் நண்பர் ஒருவர் அதே யோசனையை அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் செய்து பார்த்தார். தகர பாடியை எடுத்துவிட்டு, கையாலேயே மோல்டு செய்து, இரண்டு பேர் உட்காரும் ஃபைபர் பாடி கட்டினார். பம்பரும் ஃபைபர்தான். சோழவரம் ஏர்ஸ்டிரிப்பில் ரேஸ் நடந்த காலத்தில் இந்தக் காரை அங்கே ஓட்டியிருப்பதாகப் பெரியப்பா சொல்வார். போட்டோ கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் இருப்பது இங்கிலாந்தில், கோவென்ட்ரியில். டிரையம்ப் ஹெரால்டு தயாரான கேன்லி தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருந்தது. அதனால் பெரியப்பாவுக்கு ஒரு தீராத குறை. "காரோட அம்மா வீட்டுலயே குடியிருக்க. ஒரு பம்பர் வாங்கிட்டு வர மாட்டேங்குற." பெரியப்பா, இந்தப் பம்பர் உலகத்தில் உங்கள் கொட்டகையில் மட்டும்தான் இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

பின் பம்பர் முதலில் அடிபட்டது 2011 டிசம்பர் 30 அதிகாலையில், தானே புயலின்போது. கொட்டகைச் சட்டம் சரிந்து அதன் மேல் விழுந்தது. முன் பம்பரின் இடது மூலை போன தீபாவளிக்குப் போனது. தண்ணீர் கேன் இறக்க வந்த வேன் ரிவர்ஸ் எடுத்ததில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு துண்டு உடைந்து விழுந்தது. அந்தத் துண்டைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். உடைந்த துண்டுகளைத் தயவுசெய்து யாரும் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு சின்னாபின்னமாக இருந்தாலும் அதுதான் அளவு.

முதலில் பைபாஸில் இருக்கும் பெரிய பாடி ஷாப் ஒன்றுக்குப் போனோம். ஏசி அறை, காபி, டேப்லெட்டோடு ஒரு இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். "பார்ட் நம்பர் சொல்லுங்க சார், இன்சூரன்ஸ் கிளைமா, கேஷா?" பார்ட் நம்பரே கிடையாது என்றதும் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "நாங்க ரிப்பேர் பண்றதில்ல சார், மாத்துறதுதான்" என்றார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய பம்பர்கள் சூட்டில் இளகும் பிளாஸ்டிக். உடைந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவதுதான் அங்கே கணக்கு.

அடுத்தது டிங்கரிங் பட்டறை. புயலுக்குப் பிறகு பின் பம்பரைச் சரிசெய்தது இதே மாதிரி ஒரு பட்டறைதான். அந்த வேலையின் லட்சணத்தை இந்த முறைதான் கவிழ்த்துப் பார்த்தேன். விரிசலுக்குப் பின்னால் தகரம் வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பட்டி, அதற்கு மேல் பெயின்ட். தகர வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள். கதவில் விழுந்த நெளிவைத் தட்டியே எடுத்துவிடுவார்கள். ஆனால் ஃபைபர் தகரம் மாதிரி நெளியாது. வளையும், விட்டால் பழையபடி நிமிரும், எல்லை மீறினால் உள்ளே இழை அறும். மேலே பூசிய பட்டி அதோடு சேர்ந்து வளையாது, அதனால் விரிசல் மறுபடி அதே கோட்டில் வந்து நிற்கும். அப்படித்தான் வந்திருந்தது.

"இது போட்டுக்காரங்க வேலை தம்பி" என்று சொன்னவர் அந்தப் பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர். எங்கள் யாருக்கும் அது ஏன் தோன்றவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் படகுகள் தினமும் கரையில் மோதுகின்றன, உரசுகின்றன, அலை இறக்கத்தில் தரை தட்டுகின்றன. அவற்றை யாரோ தினமும் சரிசெய்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

முதுநகர் பக்கம், உப்பனாற்றுக் கரையில் அவரைக் கண்டுபிடித்தோம். கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரை வாங்கிக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் பார்த்தார். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ணங் ணங் என்று கேட்டது. பட்டி பூசிய இடத்தைத் தாண்டியும் ஒரு ஜாண் தூரத்துக்குச் சத்தம் சொத்தையாகக் கேட்டது. அந்த இடம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டார். "கண்ணுக்குத் தெரியுற விரிசல் இவ்ளோதான். உள்ள ஏடு பிரிஞ்சது அவ்ளோ தூரம்."

என்ன கேட்பீர்கள் என்றேன். சாமான் என் செலவு, கூலி நாளுக்கு 1,200 ரூபாய், நான்கைந்து நாள் ஆகும் என்றார். "ஆனா பெயின்ட் நம்மகிட்ட கிடையாது. படகுக்கு யாரும் கண்ணாடி மாதிரி கேக்க மாட்டாங்க."

மறுநாள் பாலியெஸ்டர் ரெசின், அதை இறுக வைக்கும் கோபால்ட், கேட்டலிஸ்ட், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு, அசிட்டோன் எல்லாம் வாங்கிக்கொண்டு போனோம். கேட்டலிஸ்ட் பாட்டிலையும் கோபால்ட் பாட்டிலையும் நான் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் மனுஷன் முகம் மாறிவிட்டது. இரண்டையும் பிடுங்கித் தனித்தனியாக ஆளுக்கொரு மூலையில் வைத்தார். இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும், தீப்பிடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கிவிட வேண்டும். கேட்டலிஸ்ட் கடைசியில்தான். அரை கிலோ ரெசினுக்கு ஊசி சிரிஞ்சில் ஏழு மில்லி இது, ஏழு மில்லி அது. மே மாதமாக இருந்தால் குறைத்துப் போடுவாராம், இல்லாவிட்டால் கையில் இருக்கும்போதே இறுகிவிடும்.

அன்று காலை முழுக்கக் கிரைண்டர்தான். பட்டி, ரிவெட், தகரம் எல்லாம் போனது. பிறகு விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்தார். பம்பரின் கனம் மூன்று மில்லிமீட்டர். சரிவோ ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் அகலம், பன்னிரண்டு மடங்கு. இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தன் இரண்டு உள்ளங்கையையும் முதலில் விளிம்போடு விளிம்பாக ஒட்டிக் காட்டினார், பிறகு ஒன்றின் மேல் ஒன்றாகப் படரவைத்துக் காட்டினார். பழைய பாலியெஸ்டர் மேல் புதுசு வேதியியலாக ஒன்றும் கலந்துவிடாது, வெறும் பிடிப்புதான். பிடிப்புக்குப் பரப்பு வேண்டும். நான் கோவென்ட்ரியிலிருந்து கொண்டுபோயிருந்த எபாக்ஸி பசை டியூபைப் பெருமையாக நீட்டினேன். சில்லறை ஒட்டுக்கு நல்லது என்று வாங்கி வைத்துக்கொண்டார். இந்த மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையுமாம். எபாக்ஸியில் போட்டால் மேட் இளகி வளைவுகளில் படியாமல் முரண்டு பிடிக்கும். தவிர, எபாக்ஸி போட்ட இடத்தில் பின்னால் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது.

தொலைந்துபோன இடது மூலைதான் பெரிய தலைவலி. வலது மூலை நன்றாகத்தானே இருக்கிறது, அதில் அச்சு எடுத்து இந்தப் பக்கம் வைத்துவிடலாமே என்றேன், ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி. அவர் தன் வலது கால் செருப்பைக் கழற்றி என் இடது காலுக்கு முன்னால் போட்டார். போட்டுப் பாருங்க சார் என்றார். சரி, புரிந்தது.

கல்யாணப் பத்திரிகை அட்டைகள் ஏழெட்டு கேட்டார். வலது மூலையில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக அட்டையை நிறுத்தி, வளைவுக்குப் பொருந்தும்வரை கத்தரித்து, அதைத் திருப்பிப் போட்டு இடது பக்கம் விலா எலும்பு மாதிரி நட்டார். இடையில் தெர்மோகோல் வைத்தால் ரெசின் அதைக் கரைத்துவிடும் என்பதால் களிமண் அடைத்து, வழித்து, மேலே பாலித்தீன் தாளை இழுத்து ஒட்டினார். அது வெளிப்பக்கத்துக்கான தாங்கல். உள்பக்கத்திலிருந்து முதலில் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு, அது கையில் ஒட்டாத பதம் வந்ததும் மூன்று ஏடு மேட். ஒவ்வொரு ஏட்டையும் பல் வைத்த ரோலரால் உருட்டினார். வெள்ளையாகத் தெரிந்த மேட் ரெசினைக் குடித்துக் கண்ணாடி மாதிரி மறைந்துகொண்டே வந்தது. எங்காவது வெள்ளைப் புள்ளி நின்றால் அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம், திரும்ப ரோலர். டப்பாவில் மிச்சமிருந்த ரெசின் பத்து நிமிடத்தில் புகைய ஆரம்பித்து, டப்பாவையே கோணலாக்கி, பட்டென்று வெடிப்பு விட்டது. ஒரே சமயத்தில் ஆறு ஏடு போட்டால் பம்பருக்கும் அதே கதிதானாம்.

கிரைண்டர் தூசி பற்றி ஒரு வார்த்தை. முழுக்கைச் சட்டை, மாஸ்க் போட்டும் இரண்டு நாள் அரித்தது. வெந்நீரில் குளிக்காதீர்கள் என்று சொன்னார். குளித்தேன். பட்டேன்.

மாட்டும் வேலைதான் உண்மையான வேலை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. பழைய பம்பரில் இரும்பு பிராக்கெட்டை ஃபைபருக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார்கள். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து ஊதி, உள்ளிருந்தே ஃபைபரைப் பிளந்திருக்கிறது. பின் பம்பரின் பாதி விரிசலுக்குப் புயல் காரணமே இல்லை. இத்தனை வருஷமாகப் புயலைத் திட்டியது வீண். அந்த இரும்பை வெட்டி எடுத்துவிட்டு, படகுக்குப் போடும் துருப்பிடிக்காத எஸ்எஸ் பிளேட்டும் போல்ட்டும் வைப்பதென்று முடிவானது.

பிளேட்டை முதலில் பம்பரில் கட்டி, அப்புறம் காருக்குக் கொண்டுபோவார் என்று நினைத்திருந்தேன். தலைகீழாகச் செய்தார். பெரியப்பா வீட்டுக்கே வந்து, பிளேட்டுகளைக் காரின் சேசிஸில் லேசாக முடுக்கினார். பம்பரை அதன் இடத்தில் வைத்து, பாடிக்கும் பம்பருக்கும் நடுவில் பழைய ஹவாய் செருப்பை வெட்டிய துண்டுகளைச் சொருகினார். இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆனது. அந்த நிலையில், காருக்கு அடியில் படுத்துக்கொண்டே, பிளேட்டைப் பம்பரோடு சேர்த்து மேட் போட்டுக் கட்டினார். "நாம காருக்குத் தகுந்த மாதிரி பம்பரை இழுத்து முடுக்கினா, அது தினம் இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு நாள் விட்டுடும்." துளைகளை நீளவாக்கில் விட்டார், அகல வாஷர் போட்டார், அடியில் ரப்பர் வைத்தார், ஸ்பானரைக் கடைசிச் சுற்றில் நிறுத்திக் கையை எடுத்துவிட்டார். பெரியப்பா இன்னும் கொஞ்சம் டைட் பண்ணலாமே என்று ஆரம்பித்தார். "வேணாங்கய்யா" என்ற ஒரு வார்த்தையில் அடங்கினார். இவ்வளவு சீக்கிரம் அவர் அடங்கி நான் பார்த்ததில்லை.

பெயின்டரோடுதான் சின்னத் தகராறு. அன்று மாலையே அடித்துவிடலாம், தம்பி ஊருக்குப் போகிறாரே என்றார் அவர். படகுக்காரர் விடவில்லை. புது ஃபைபர் இறுகிய பிறகும் சில நாள் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் இழையின் வரி மேலே தெரியும். காரிலிருந்து கழற்றவும் கூடாது, கழற்றி வைத்தால் கோணிக்கொள்ளும். மாட்டியபடியே ஒரு வாரம் வெயிலில் நிற்கட்டும் என்றார். என் விமானம் நான்கு நாளில்.

ஆக, கூலி ஐந்து நாளைக்கு 6,000 ரூபாய், சாமான் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதல். பெரியப்பா மேலே ஐநூறு கொடுத்ததை வாங்கவில்லை, காரில் ஒரு ரவுண்டு கேட்டார். தேவனாம்பட்டினம்வரை போய்த் திரும்பினார்கள். நான் பின்னால் ஸ்கூட்டரில் போனேன். காரில் இடம் இரண்டு பேருக்குத்தானே.

பெரியப்பாவின் அடுத்த ஆசை, காருக்கு விண்டேஜ் நம்பர் பிளேட் வாங்குவது. 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்குக் கிடைக்கும், ஆனால் சேசிஸிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மொத்த பாடியையும் மாற்றிய வண்டிக்கு எப்படிக் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் எதற்கு.

போன வாரம் போட்டோ வந்தது. வெளிப்பக்கம் பழைய சிவப்பு, மூலை எங்கே ஒட்டியது என்று எனக்கே தெரியவில்லை. இன்னொரு போட்டோவில் பெரியப்பா தரையில் போனை வைத்து பம்பரின் உள்பக்கத்தை எடுத்திருந்தார். படகுக்கு வாங்கியதில் மிச்சமிருந்ததை அண்ணன் உள்ளே பூசியிருக்கிறார், நல்ல கடல் நீலம். பெயின்டர் அதையும் சிவப்பாக அடிக்கிறேன் என்றாராம். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம் பெரியப்பா.